ராத்திரி எங்க படுக்கிறது? - மதுரையிலிருந்து கடல் வரைக்கும்

டிஸ்கி: பதிவு கொஞ்சம் நீளம். ஆணி அதிகமா இருக்கிறவங்க சனிக்கிழமை வந்து படிங்க. கொசுவத்தியும் உண்டு, வரலாறும் உண்டு. வரலாறு கொஞ்சம் தூக்கலா இருக்கும்.

கூட வேலை பார்க்கிற நண்பன் ஒருத்தன் செகண்ட் ஹேண்ட்ல ஒரு மாருதி ஆம்னி வாங்கினான். அவங்க அப்பா கடைக்குச் சரக்கு ஏத்துறதுக்கு வாங்கினது. சனி ஞாயிறு சும்மாதானே நிக்குதுன்னு எங்க மூணு பேருக்கும் ஒரு யோசனை. பின் சீட்டைக் கழட்டிட்டு, ஒரு பிளைவுட் பலகையைப் போட்டு, அதுக்கு மேல இலவம்பஞ்சு மெத்தையை விரிச்சா மூணு பேர் நெருக்கியடிச்சுப் படுத்துக்கலாம். யூட்யூப்ல வெள்ளைக்காரங்க கேம்பர் வேன்னு காட்டுவாங்களே, உள்ளயே ஃபிரிட்ஜ், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் வச்சு? அதுக்கு நம்ம மதுரை வெர்ஷன். கக்கூஸுக்கு பெட்ரோல் பங்க், ஃபிரிட்ஜுக்கு மண்பானை :-)

திட்டம் இதுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மதுரையில கிளம்பி, சிவகங்கை வழியா தொண்டி. அங்கேருந்து கடலை ஒட்டியே தேவிபட்டினம், ராமநாதபுரம், மண்டபம், ராமேஸ்வரம், தனுஷ்கோடி. திரும்பும்போது பரமக்குடி, மானாமதுரை வழியா ஞாயித்துக்கிழமை ராத்திரிக்குள்ள வீடு. மொத்தம் 450 கிலோமீட்டர் போல. பொட்டி தட்டுறவன் டூர் போனா முதல்ல என்ன செய்வான்? எக்செல் ஷீட் போடுவான். நானும் போட்டேன். பெட்ரோல், டோல், சாப்பாடு எல்லா கட்டமும் நிரம்பிடுச்சு. "ராத்திரி எங்க?" அப்படிங்கிற கட்டம் மட்டும் காலியாவே இருந்தது. வண்டியில படுக்கலாம், சரி. ஆனா வண்டியை எங்க நிறுத்துறது?

அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தப்பதான் தோணுச்சு. மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 170 கிலோமீட்டர். ரயிலும் இல்ல, பஸ்ஸும் இல்ல. ஒரு ஆள் குழந்தை குட்டி, மூட்டை முடிச்சோட ஒரு நாளைக்கு 20 கிலோமீட்டர் நடப்பார்னு வச்சுக்குவோம். எட்டு, ஒன்பது ராத்திரி வழியில கழியணும். அந்தக் காலத்து எக்செல் ஷீட்ல இந்தக் கட்டத்துக்கு என்ன எழுதியிருப்பாங்க?

பதில் மேப்லயே இருக்கு. பரமக்குடி தாண்டினதும் சத்திரக்குடி. ராமநாதபுரம் தாண்டி நிலம் முடியிற இடத்துல மண்டபம். பாம்பன் கடந்து தீவுக்குள்ள போனா அக்காள்மடம், தங்கச்சிமடம். ராமேஸ்வரத்துக்குத் தெற்கே, மண்ணும் மனுஷனும் குறையிற இடத்துல முகுந்தராயர் சத்திரம். சத்திரம், மண்டபம், மடம். ஊர்ப் பேரே "இங்க தங்கலாம்"னு போர்டு வச்ச மாதிரி. இந்த ரோட்டுல எத்தனை தடவை பஸ்ல போயிருக்கேன், ஒரு தடவை கூட இது உறைக்கலை.

மதுரைக்காரங்களுக்குச் சத்திரம்னா உடனே ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிர்ல இருக்கிற மங்கம்மா சத்திரம்தான் ஞாபகம் வரும். ராணி மங்கம்மாள் 1689-லிருந்து 1706 வரைக்கும் பேரனுக்காக மதுரையை ஆண்டவங்க. சாலை போட்டது, சாலை ஓரமா மரம் வச்சது, சத்திரம் கட்டினதுன்னு தெற்குச் சீமை முழுக்க அவங்க பேர்ல கதை உண்டு. கன்னியாகுமரி பக்கம் போற பழைய ரோட்டையே இன்னும் மங்கம்மா சாலைன்னு சொல்ற பெரிசுங்க இருக்காங்க.

ஆனா ராமேஸ்வரம் பாதையோட கதை மங்கம்மாவுக்கு முன்னாடியே ஆரம்பிக்குது. பதினாறாம் நூற்றாண்டு முடியிற சமயம் இந்த வழி திருடர் பயம் நிறைஞ்ச காட்டு வழி. யாத்திரை போனவங்க முழுசாத் திரும்பி வர்றதே பெரிய விஷயம். அதனாலதான் 1605 வாக்குல மதுரை முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் சடைக்கத் தேவரை இந்தப் பகுதிக்குத் தலைவரா அமர்த்தி, யாத்ரீகர்களைக் காப்பாத்துற பொறுப்பைக் கொடுத்தார். சேதுவைக் காக்கிறவர், சேதுபதி. யோசிச்சுப் பாருங்க, ஒரு அரச வம்சத்தோட வேலைப் பட்டியல்ல முதல் வரியே "பாதையைப் பார்த்துக்கோ". பாதைன்னா ரோடு மட்டும் இல்லை, ரோட்டுல போற ஆளும்தான்.

சேதுபதிகள் அதுக்கப்புறம் வழி நெடுகச் சத்திரம் கட்டினாங்க. வெறும் கட்டடம் கட்டினா ரெண்டு வருஷத்துல வௌவால்தான் குடியிருக்கும். அதனால ஒவ்வொரு சத்திரத்துக்கும் கிராமங்களை எழுதி வச்சாங்க. அந்தக் கிராமத்து வருமானத்துலதான் அரிசி, பருப்பு, விறகு, சமையல்காரர் சம்பளம் எல்லாம். எஸ்.எம். கமால் தொகுத்த சேதுபதி மன்னர் செப்பேடுகளைப் புரட்டினா, அன்னதானத்துக்காக இன்ன ஊரை விட்டுக் கொடுத்தோம், இதுக்கு இன்னின்ன எல்லைன்னு திரும்பத் திரும்ப வரும். படிக்கிறதுக்குப் பத்திர ஆபீஸ் ஆவணம் மாதிரி போரடிக்கும். ஆனா ஒவ்வொரு செப்பேட்டுக்கும் பின்னாடி ஒரு உலை கொதிச்சுக்கிட்டு இருந்திருக்கு.

அக்காள்மடம், தங்கச்சிமடம் பேருக்கு ஒரு செவிவழிக் கதை சொல்வாங்க. சேதுபதியோட ரெண்டு மகள்களையும் ஒருத்தருக்கே கட்டிக் கொடுத்திருந்தாங்க. அந்த மருமகன்தான் தீவுக்குப் பொறுப்பாளர். அவர் கோயில் செலவுக்குன்னு பாம்பன் கால்வாய் கடக்கிற யாத்ரீகர்கள் கிட்ட ஆளுக்கு இவ்வளவுன்னு வசூல் பண்ணிட்டார். மாமனார் காதுக்கு விஷயம் வந்தது. யாத்ரீகன் கிட்டயே காசா? மருமகன்னும் பார்க்காம மரண தண்டனை கொடுத்துட்டார். மகள்கள் ரெண்டு பேரும் அவரோடயே தீயில இறங்கிட்டாங்க. அவங்க நினைவா எழுந்ததுதான் ரெண்டு மடமும்னு கதை. எவ்வளவு தூரம் உண்மையோ, ரெண்டு பொண்ணுங்களுக்கு நடந்தது கொடுமைதான். ஆனா ஜனங்க இந்தக் கதையை இத்தனை காலம் ஞாபகம் வச்சிருக்காங்கன்னா, இந்த ரோட்டுல டோல் வாங்குறது தப்புங்கிற எண்ணம் எவ்வளவு ஆழமா ஊறியிருக்கணும்! திருப்பாச்சேத்தி டோல்கேட்ல ஃபாஸ்டேக் பீப்னு சத்தம் போட்டப்ப எனக்குச் சேதுபதி ஞாபகம்தான் வந்தது :-)

ராமேஸ்வரத்துக்கு இன்னொரு பெரிய பாதையும் உண்டு. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இறங்கி, கடலோரமா வந்து, தேவிபட்டினம், ராமநாதபுரம் பக்கம் நம்ம மதுரை வழியோட சேர்ற பாதை. அந்த வழிச் சத்திரங்கள் தஞ்சை மராத்திய ராஜாக்கள் கட்டினது. ஒரத்தநாட்டுல இருக்கிற முக்தாம்பாள் சத்திரம் இரண்டாம் சரபோஜி காலத்தது. யானையும் குதிரையும் தேர் இழுக்கிற மாதிரி முகப்பு. போறவங்க ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க.

1799-ல் சரபோஜி கிட்டேருந்து ஆட்சி நிர்வாகத்தைக் கும்பினிக்காரன் வாங்கிக்கிட்டான். அப்ப அவருக்குப் பெரிய கவலை, சத்திரம் எல்லாம் என்னாகும்னு. 1801-ல் தஞ்சாவூர் ரெசிடெண்டுக்கு அவர் எழுதின கடிதத்துல சத்திரத்துல என்னென்ன நடக்குதுன்னு ஒரு பட்டியலே போட்டிருக்கார். அதைப் படிச்சுட்டு நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துட்டேன். பிராமணர் தொடங்கிப் பறையர் வரைக்கும் வழிப்போக்கர் எல்லாருக்கும் சோறு. ஆக்கின சோறு சாப்பிடாதவங்களுக்கு அரிசியும் சாமானும். நடுராத்திரியில மணி அடிச்சு, இன்னும் சாப்பிடாதவங்க யாராவது இருந்தா வாங்கன்னு கூவி அழைக்கிறது. நோயாளிக்கு வைத்தியர், பத்தியச் சாப்பாடு. விஷக்கடிக்கு மருந்து. பச்சைக் குழந்தைக்குப் பால். வழியில பிரசவம் ஆயிட்டா செலவு சத்திரத்தோடது, மூணு மாசம் வரைக்கும் அங்கேயே தங்கலாம். பெத்தவங்களை இழந்த பிள்ளைகளுக்கு மூணு வேளைச் சாப்பாடு, படிப்பு, நாலு நாளைக்கு ஒரு தடவை எண்ணெய்க் குளியல். அனாதையா இறந்தவங்களுக்கு அவங்க வழக்கப்படி அடக்கம்.

ராஜா தன் சத்திரத்தைப் பத்தித் தானே எழுதினது. அதுவும் கும்பினி கை வைக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிற கடிதம். கொஞ்சம் பூசி மெழுகியிருப்பார். எல்லாரையும் ஒரே பந்தியில உட்கார வச்சிருக்க மாட்டாங்கன்னு சொல்ல நமக்கு ஆராய்ச்சி எல்லாம் தேவையில்லை. ராமேஸ்வரத்துல இன்னிக்கும் நாலு தெரு சுத்தினா இன்ன சமூகத்துச் சத்திரம்னு போர்டு கண்ணுல படும். ஆனாலும் அந்த நடுராத்திரி மணி என்னை விடவே இல்லை. பசிச்சவன் தேடி வந்து தட்டணும்னு இல்லாம, மணி அடிச்சு அவனைத் தேடுற ஏற்பாடு.

இது எல்லாம் எப்படிப் போச்சு? பெரிய சதி எதுவும் இல்லை. 1817-ல் சென்னை அரசாங்கம் ஏழாம் எண் ரெகுலேஷன்னு ஒண்ணு போட்டு, கோயில் மானியத்தோட சேர்த்துச் சத்திரங்களையும் ரெவின்யூ போர்டு மேற்பார்வைக்குக் கொண்டு வந்தது. பின்னாடி பல சத்திரம் ஜில்லா போர்டு கைக்குப் போச்சு. கணக்குப் புத்தகம் ஒழுங்கா இருந்தது, உலைதான் சின்னதாயிட்டே வந்தது. அப்புறம் 1902-ல் மதுரையிலிருந்து மண்டபம் வரைக்கும் ரயில் வந்துச்சு. 1914-ல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடி வரைக்கும் ரயில், அங்கேருந்து தலைமன்னாருக்குக் கப்பல். எழும்பூர்ல போட் மெயில் ஏறினா கொழும்புல இறங்கலாம். ஒன்பது ராத்திரிப் பாதை ஒரு ராத்திரி ஆயிடுச்சு. வழியில தங்கவே தேவையில்லைன்னா சத்திரம் எதுக்கு? ஊர்ப் பேரு மட்டும் மிஞ்சிடுச்சு.

இதோட முடிச்சிருந்தா இது ஒரு நல்ல "பழம்பெருமை" பதிவா இருந்திருக்கும். அப்படித்தான் முடிக்கிறதாவும் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெத்தையை மடிச்சு வண்டியில ஏத்திக்கிட்டிருந்தேன். திண்ணையில உட்கார்ந்திருந்த அப்பத்தா கேட்டாங்க, "எங்கய்யா மெத்தையெல்லாம் தூக்கிக்கிட்டு?"

"ராமேஸ்வரம் அப்பத்தா. லாட்ஜ் எல்லாம் கிடையாது. மண்டபத்துல வண்டியை நிப்பாட்டி உள்ளயே படுத்துக்குவோம். கேம்பிங்."

அப்பத்தா காதுல கடைசி வார்த்தை பாதிதான் விழுந்திருக்கு. "கேம்புக்கா? மண்டபம் கேம்புக்கா போற? அங்க எதுக்குய்யா போற நீ?"

அந்தக் குரல் எனக்குப் புதுசு. எங்க அப்பத்தா சிலோன்லேருந்து வந்தவங்கன்னு தெரியும். பதுளைப் பக்கம் தேயிலைத் தோட்டம். அப்பாவுக்கு ஆறு வயசு இருக்கும்போது 1974-ல் வந்தாங்க, அவ்வளவுதான் வீட்டுல சொல்லியிருக்காங்க. அவங்க இந்த மண்ணுல கால் வச்சதும் முதல்ல தங்கின இடம் மண்டபம் கேம்ப்னு எனக்கு யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. ரெண்டு வாரமா எந்த ரோட்டுல யார் எங்க தங்கினாங்கன்னு விழுந்து விழுந்து படிச்சவன், வீட்டுத் திண்ணையில இருக்கிற ஆளைக் கேட்கலை.

நண்பனுங்க வந்து ஹாரன் அடிக்கிற வரைக்கும் சொன்னாங்க. ராமானுஜம்னு கப்பல் பேரு. தலைமன்னார்ல ஏறி ராமேஸ்வரத்துல இறங்கினது. ரெண்டு தகரப் பெட்டி. அதுவரைக்கும் கடலையே பார்த்ததில்லையாம். மலையில பொறந்து வளர்ந்தவங்களுக்கு அந்த உப்புக்காத்தும் வெயிலும் ஒத்துக்கலை. கேம்புல ஒன்பது நாள். சோறு போட்டாங்க, அதைக் குறை சொல்லலை. "ஆனா பேரு சொல்லிக் கூப்பிட மாட்டாங்கய்யா. நம்பரச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க."

அதுக்கப்புறம் நான் படிச்சது வேற ஒரு வரலாறு. ரோடு மட்டும் அதே ரோடு.

1830-கள்ல சிலோன்ல காப்பித் தோட்டம் போட ஆரம்பிச்சான் வெள்ளைக்காரன். மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிச் சீமையிலிருந்து பஞ்சத்துலயும் கடன்லயும் அடிபட்ட ஜனங்களைக் கங்காணிங்க கூட்டிக்கிட்டுப் போனாங்க. எந்த வழியா? தொண்டி, தேவிபட்டினம், பாம்பன். யாத்ரீகர்கள் நடந்த அதே பாதை. தோணியில மன்னார்க் கரை. அங்கேருந்து மாத்தளை, கண்டி வரைக்கும் காட்டு வழியா நடை. காலராவுலயும் பசியிலயும் அந்த வழியில செத்தவங்க ஆயிரக்கணக்குல. போற வழிச் செலவு, சாப்பாட்டுச் செலவு எல்லாம் கங்காணி கணக்குல கடனா ஏறும். தோட்டத்துல கால் வைக்கும்போதே கடன்காரன். சத்திரத்துல சும்மா கிடைச்ச சோறு, இங்க ஒவ்வொரு கவளத்துக்கும் கணக்கு.

ஒரு பக்கம் புண்ணியம் தேடிப் போறவங்களுக்கு நடுராத்திரி மணி. அதே பாதையில பிழைப்புத் தேடிப் போறவங்களுக்குக் கங்காணி நோட்டு. சரபோஜி சொன்ன மாதிரி எல்லாருக்கும் சோறு கிடைச்சிருந்தா என் முப்பாட்டனுக்கும் ஏதோ ஒரு சத்திரத்துல ஒரு வேளை கிடைச்சிருக்கலாம். திண்ணையிலயா, மரத்தடியிலயா, அது வேற கேள்வி.

1901-ல் தகர வில்லை முறை வந்தது. ஒரு சின்னத் தகர வட்டம், அதுல எந்தத் தோட்டத்துக்குப் போகணும்னு எழுத்தும் நம்பரும் குத்தியிருக்கும். கழுத்துல தொங்கவிட்டு அனுப்புவாங்க. பார்சல் மாதிரி. முதல்ல தூத்துக்குடி பக்கம் தட்டப்பாறையில முகாம் இருந்தது. தனுஷ்கோடி - தலைமன்னார் வழி திறந்தப்புறம் மண்டபம் முகாம் முக்கியமாச்சு. இந்திய மண்ணுல, ஆனா நடத்தினது சிலோன் அரசாங்கம். கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி சில நாள் அடைச்சு வச்சு, அம்மை ஊசி குத்தி, கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்து, நோய் இல்லைன்னு பார்த்து அனுப்புவாங்க. நோய் பரவாம இருக்க அது தேவைதான், மறுக்கலை. ஆனா போட் மெயில்ல மேல் வகுப்புல உட்கார்ந்து போறவருக்கு இந்த முகாம் கிடையாது. கிருமிக்கு டிக்கெட் கிளாஸ் தெரியும் போல.

அப்படித்தான் மண்டபத்துல ரெண்டு ஸ்டேஷன். மண்டபம், மண்டபம் கேம்ப். முதல் பேரு யாரோ வழிப்போக்கன் இளைப்பாறக் கட்டின கல் மண்டபத்தால வந்தது. ரெண்டாவது பேரு இந்த முகாமால.

1939-ல் கூலி வேலைக்கு சிலோன் போறதை இந்திய அரசாங்கம் தடை பண்ணுச்சு. போறது நின்னது, திரும்பி வர்றது பின்னாடி ஆரம்பிச்சது. 1948-ல் அங்க குடியுரிமைச் சட்டம் போட்டு, தோட்டத்து ஜனங்களை நாடில்லாதவங்களா ஆக்கிட்டாங்க. 1964 அக்டோபர்ல சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கும், 3,00,000 பேரை இலங்கை வச்சுக்கும். மிச்சம் ஒன்றரை லட்சத்தை 1974-ல் பாதிப் பாதியாப் பிரிச்சாங்க. ஒப்பந்தம் போட்டு ரெண்டு மாசம் கூட ஆகலை, டிசம்பர் 22 ராத்திரி வந்த புயல் தனுஷ்கோடியை, பாசஞ்சர் ரயிலோட சேர்த்து, வாரிக்கிட்டுப் போயிடுச்சு. அதனால அப்பத்தா கப்பல் ராமேஸ்வரத்துக்கு வந்தது. அங்க "கள்ளத்தோணி"ன்னு ஏசினாங்களாம். இங்க வந்தா "சிலோன்காரங்க". 1983-க்கு அப்புறம் அதே மண்டபத்துல ஈழத்து அகதிகள். 2022-ல் இலங்கைப் பொருளாதாரம் கவிழ்ந்தப்ப வந்தவங்களையும் அங்கதான் தங்க வச்சாங்க. நூறு வருஷத்துக்கு மேல அந்த முகாம் காலியாவே இல்லை போல. நடுவுல 1949-லிருந்து 1971 வரைக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தோட தலைமையகமும் மண்டபம் கேம்ப்தான். மீனுக்குக் கூட அங்க ஃபைல் உண்டு.

சரி, பயணத்துக்கு வர்றேன்.

முதல் ராத்திரி கடலோர ஊர் ஒண்ணுல, பேரு வேண்டாம், கரையை ஒட்டி வண்டியை நிறுத்தினோம். அலைச் சத்தம், நட்சத்திரம், அருமை. பன்னிரண்டரைக்கு ஒரு டார்ச் லைட். யாரு, என்ன, வண்டியில என்ன, ஆதார் எங்க. கடத்தல் நடக்கிற கரை தம்பி, இங்க படுக்கக் கூடாது, எடுங்கன்னுட்டார். தப்பு சொல்ல முடியாது. ஆனா நடுராத்திரியில மணி அடிச்சுக் கூப்பிட்ட கதையைப் படிச்சுட்டு வந்தவனுக்கு இது கொஞ்சம் ஓவர். கடைசியில ஒரு பெட்ரோல் பங்க். ராத்திரி டூட்டி அண்ணன் ஒரே ஒரு கண்டிஷன் போட்டார்: "அடுப்பு மட்டும் பத்த வச்சிராதீங்கப்பா." காலையில குளிக்கக் குழாயும் காட்டினார். காசு வாங்கலை.

தேவிபட்டினத்துல கடலுக்குள்ள இருக்கிற நவபாஷாணம் பார்த்தோம். அழகன்குளம், பெரியபட்டினம் ரெண்டும் வழியிலிருந்து கொஞ்சம் விலகணும், ஆனா விடாதீங்க. வைகை கடல்ல சேர்ற பக்கம் அழகன்குளத்துல ரோமானியப் பானை ஓடும் காசும் கிடைச்சிருக்கு. பெரியபட்டினத்துல சீனப் பீங்கான். 1344 வாக்குல இபின் பதூதா சிலோன்லேருந்து வரும்போது கப்பல் உடைஞ்சு இந்தக் கரையிலதான் ஒதுங்கினார். அவர் ஃபத்தன்னு எழுதின துறைமுகம் பெரியபட்டினம்தான்னு பலர் சொல்றாங்க. அப்ப மதுரையில கொள்ளைநோய். அவருக்கும் காய்ச்சல் வந்து, புளியைக் கரைச்சுக் குடிச்சுப் பிழைச்சதா எழுதியிருக்கார். உலகம் சுத்தின ஆளைக் காப்பாத்தினது நம்மூர்ப் புளித்தண்ணி!

ரெண்டாவது ராத்திரி மண்டபம். கேம்ப் ஸ்டேஷன் பக்கம் ரொம்ப நேரம் சும்மா நடந்தேன். முகாமுக்குள்ள நாம போக முடியாது, போகவும் கூடாது. அங்க இப்ப குடும்பங்கள் இருக்கு, வேடிக்கை பார்க்கிற இடம் இல்லை. சுவரைப் பார்த்தேன், அவ்வளவுதான். அப்பத்தாவுக்கு போன் போட்டேன். "காத்து அடிக்குதா?"ன்னு கேட்டாங்க. அடிக்குதுன்னேன்.

ஞாயித்துக்கிழமை விடியக்காலை பாம்பன் தாண்டி, ராமேஸ்வரம் தாண்டி, முகுந்தராயர் சத்திரம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல தனுஷ்கோடியில யாரும் இருக்கக் கூடாது, அதனால கேம்பிங் கனவோட போறவங்க கவனிங்க. 2017-க்கு முன்னாடி சத்திரத்தோட ரோடு முடிஞ்சிடும், அப்புறம் மணல்ல வேன்தான். இப்ப அரிச்சல்முனை வரைக்கும் ஒன்பதரை கிலோமீட்டர் தார் ரோடு. முனையில நின்னா அந்தப் பக்கம் தலைமன்னார் முப்பது கிலோமீட்டர் போல. எங்க வீட்டிலிருந்து மானாமதுரை போற தூரம் கூட இல்லை.

கணக்கு: பெட்ரோல் 33 லிட்டர், டோல், சாப்பாடு எல்லாம் சேர்த்து மூணு பேருக்கு 4,900 ரூபாய். தங்கின செலவு சைபர்.

வீட்டுக்கு வந்ததும் அப்பத்தா கேட்ட ஒரே கேள்வி, "கேம்பு பக்கம் டீ குடிச்சியா?"

குடிச்சேன்னேன்.

"நல்லாருந்துச்சா?"

"இல்ல அப்பத்தா."

அப்பத்தா சிரிச்ச சிரிப்பு இருக்கே. இந்தியாவுல முதல் முதலா காசு கொடுத்து வாங்கினது அங்க ஒரு டீதானாம். பன்னிரண்டு வயசுலேருந்து கொழுந்து பறிச்ச கை. "பிளேன்டீ குடுன்னா பாலை ஊத்திக் கெடுத்து வச்சிருந்தான். வாயில வைக்க முடியலை. உங்க தாத்தா மட்டும் ரெண்டு கிளாஸ் குடிச்சாரு."

அடுத்த ட்ரிப் கீழக்கரை, ஏர்வாடி, வேம்பார் வழியா தூத்துக்குடி. தட்டப்பாறையில ஸ்டேஷன் இன்னும் இருக்கு. அந்தப் பழைய முகாம் எந்தப் பக்கம் இருந்ததுன்னு ஊர்ப் பெரியவங்க யாரையாவது கேட்கணும். அப்பத்தா வண்டியில மெத்தை சரியில்லை, சீட்டைத் திரும்ப மாட்டினா வர்றேன்னு சொல்லியிருக்காங்க. நண்பன் கிட்ட ஸ்பேனர் கேட்டிருக்கேன்.